வெள்ளிக்கிழமைத் தேனீக்கள்

கண்டி
14.05.2024

அன்புள்ள பளீல் சேர் அவர்களுக்கு,

தொலைபேசியை நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்துவிட்டீர்கள் என்று வீட்டில் சிவமணி சொல்கிறாள். தபாற்காரரை நீங்கள் திருப்பி அனுப்ப மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை ஒரு முறை அமைதியாகப் பார்ப்போம். நீங்கள் அறிந்ததையே திரும்பச் சொல்வேன்; அது என் தொழிற்பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் படித்த கஜாலினி நம் இருவரையும் தன் ஆய்வுகூடத்துக்கு அழைத்தது நாம் விஞ்ஞானிகள் என்பதற்காக அல்ல. "என்ர லாப் பிள்ளையளுக்குப் பொறுமை இல்லை சேர். உங்கள் ரெண்டு பேருக்கும்தான் கை நடுங்காமல் இருக்கத் தெரியும்" என்றாள். ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியாரும் கணித வாத்தியாரும் ஹந்தானை மலைச்சரிவில் தேனீக்குப் பாடம் நடத்தப் போனோம்.

தேனீயை ஐஸில் வைத்து உறங்கச் செய்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி உறிஞ்சுகுழல் துண்டுக்குள் இருத்துகிறோம். அது விழித்ததும் நீங்கள் சிரிஞ்சை அழுத்திக் கராம்பு வாசனையை ஊதுகிறீர்கள். உடனே நான் ஈர்க்கு நுனியில் சீனித் தண்ணீர் கொடுக்கிறேன். சில முறை இப்படிச் செய்தபின், கராம்பு மணத்ததுமே, சீனி வருமுன், அது நாக்கை நீட்டுகிறது. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகளின் கை சாப்பாட்டுப் பெட்டிக்குப் போகுமே, அதுபோல. அது கராம்பைத்தான் கற்றதா என்று அறிய வெறும் காற்றையும் ஊதிப் பார்க்கிறோம். வெறும் காற்றுக்கு அது பேசாமல் இருக்க வேண்டும். மற்ற நாட்களில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வெறும் காற்றுக்கும் நாக்கை நீட்டுகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அங்கிருந்தே போவதால், நீங்கள் காலையிலேயே அத்தர் பூசி வருகிறீர்கள். தேனீ கராம்பை விட்டுவிட்டு அத்தரைப் படிக்கிறது. பரீட்சை மண்டபத்தில் பக்கத்துப் பிள்ளை விடையை முணுமுணுத்தால், எழுதியவனின் புள்ளியை நம்பலாமா? அவ்வளவுதான் நான் சொன்னது.

சொன்ன இடம் பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேநீர் வேளையில், கஜாலினியும் மாணவர்களும் இருக்கும்போது, "உங்கட அத்தர்தான் சேர் எல்லாத்தையும் பழுதாக்கிப் போட்டுது. ஆள் வாசலுக்கு வர முன்னமே மணம் வந்திடுது" என்று சொல்லியிருக்க வேண்டாம். பகிடியாகச் சொன்னேன். நீங்கள் கோப்பையை வைத்துவிட்டுப் போவீர்கள் என்று நினைக்கவில்லை.

சொல்லின் சூட்டை மன்னியுங்கள். சொல்லின் உண்மையை யோசியுங்கள்.

அன்புடன்,
விவேகானந்தன்


கட்டுகஸ்தோட்டை
20.05.2024

விவேகானந்தன் சேருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தேனீக்குப் பாடம் நடத்தும் முறையை மூன்றாம் தடவை எனக்கு விளக்கியிருக்கிறீர்கள். நன்றி. இப்போது நன்றாக விளங்குகிறது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் கோப்பையை வைத்துவிட்டுப் போனதற்கு மறுநாள் கஜாலினி தொலைபேசியில் பேசினாள். "சேர், குறை நினைக்காதேங்கோ. கொஞ்ச நாளைக்கு நீங்கள் வராமல் இருந்தால் நல்லம் போல கிடக்கு" என்றாள். இருபடிச் சமன்பாட்டை விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை. அவள் சொல்லி முடிக்குமுன் "சரி மகள்" என்று வைத்துவிட்டேன். அவளுக்குக் கஷ்டம் கொடுக்க விருப்பமில்லை.

என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, "பளீல், வெள்ளிக்கிழமையில் பூசாமல் வாருங்கள்" என்று காதில் சொல்லியிருந்தால் நான் பூசாமல் வந்திருப்பேன். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் பூசிக்கொண்டால் போயிற்று. ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து கிழடானவர்கள் நாம். அந்த ஒரு வசனத்துக்கு எனக்கு உரிமை இருந்தது.

மாணவர்கள் சிரித்ததைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நீங்களும் கூடச் சிரித்ததைப் பற்றியும் எழுதவில்லை.

எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு வாத்தியாருக்குக் கோபத்துக்கு நடுவிலும் கணக்கு ஓடும். காரணத்தை அகற்றினால் விளைவும் போக வேண்டும். நான் வராத முதல் வெள்ளிக்கிழமை கடந்துவிட்டது. தேனீக்கள் என்ன செய்தன? அதை மட்டும் எழுதுங்கள்.

பளீல்


கண்டி
03.06.2024

அன்புள்ள பளீல் சேருக்கு,

நேராகக் கேட்டிருக்கிறீர்கள். பதில் அவ்வளவு நேரானது அல்ல.

முதல் வெள்ளிக்கிழமையும் வெறும் காற்றுக்கு நாக்கை நீட்டின. இப்போது சிரிஞ்சைக் கஜாலினியே அழுத்துகிறாள். வாசனை என்பது ஆள் போனதும் போய்விடுவதல்ல. கருவாடு வைத்த பெட்டியை எத்தனை நாள் வெயிலில் காயவைக்க வேண்டியிருக்கிறது! நீங்கள் கை ஊன்றும் மரச்சட்டம் அத்தரைக் குடித்திருக்கும் என்று அதைச் சோடாவில் கழுவினோம். அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. பிறகு சட்டத்தையே மாற்றினோம். நீங்கள் இருந்த கதிரையை வெளியே எடுத்துவிட்டோம். திரைச்சீலையைச் சிவமணி துவைத்துக் கொடுத்தாள். இந்த வெள்ளியும் குறையவில்லை. ஆனால் ஆய்வில் எச்சம் என்று ஒன்று உண்டு, படிப்படியாகத்தான் போகும்.

மற்ற நாட்களில் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். அதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நானும் சிரித்தேன். மற்றவர்கள் சிரிக்கும்போது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிரித்தது அது.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
விவேகானந்தன்


கட்டுகஸ்தோட்டை
19.06.2024

சேர்,

சட்டத்தைக் கழுவினீர்கள். கதிரையை வெளியே போட்டீர்கள். திரைச்சீலையைத் துவைத்தீர்கள். என்னை அனுப்பினீர்கள். இவ்வளவும் செய்தபின் அந்த அறையில் கழுவப்படாதது எது மிச்சமிருக்கிறது என்று நிதானமாக யோசியுங்கள். இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

முழங்கால் பரவாயில்லை. வேறொன்றுதான் சரியில்லை. இதை எழுதுவதா விடுவதா என்று இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்திலிருந்து கண்டி டவுனுக்கு வந்து, கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் ஒருவர் வந்து இருந்தார். நான் என் கொலரை மோந்து பார்த்தேன். பிறகு எழும்பி, கதவுப் பக்கம் காற்று வரும் இடத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நானாகத்தான் எழும்பினேன். அன்றிலிருந்து யாராவது பக்கத்தில் வந்தால் ஒரு அடி பின்னால் வைக்கிறேன். பள்ளிவாசல் தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டிய இடத்திலும் மனம் கூசுகிறது.

முந்தாநாள் ஹஜ்ஜுப் பெருநாள். புது உடுப்போடு வந்து நின்றேன். மகள் என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "என்னா வாப்பா, பெருநாளைக்கும் அத்தர் பூசல்லயா? சீசா முடிஞ்சா?" என்று கேட்டாள். "மூக்கு அடைச்சிருக்கு மகள்" என்றேன். "பூசுறது உங்கட மூக்குக்கா வாப்பா?" என்று சிரித்தாள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

பளீல்


கண்டி
22.07.2024

அன்புள்ள பளீல் சேருக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மாதம் அதற்குக் கீழ்ப்படிந்தேன். இதை உங்களுக்கு எழுதாவிட்டால் வேறு யாருக்கும் சொல்லும் தைரியம் எனக்கு வராது.

ஜூன் நடுவில் யாழ்ப்பாணத்தில் என் பெரியப்பாவின் மகன் தவறிப்போனார். எங்களுக்கு ஒரு மாதம் துடக்கு. துடக்கு வீட்டார் கோயிலுக்குப் போவதில்லை. ஆய்வுகூடத்துக்கு மட்டும் போனேன்.

அந்த மாதத்து வெள்ளிக்கிழமைகளில் தேனீக்கள் திருந்திவிட்டன. கராம்புக்கு நாக்கை நீட்டின. வெறும் காற்றுக்குப் பேசாமல் இருந்தன. எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? "பாத்தியோ பிள்ளை, கடைசியா அத்தர் போயிட்டுது" என்று கஜாலினியிடம் சொன்னேன். அவள் அதைத் தன் அறிக்கையிலும் எழுதிக்கொண்டாள்.

துடக்குக் கழிந்து, போன வெள்ளி காலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். ஐயர் தந்த சந்தனத்தை விரலால் நெற்றியில் வைத்துக்கொண்டு நேரே பஸ் ஏறினேன். அங்கே போய்க் கையையும் கழுவினேன். தேனீக்களுக்குப் பாடம் நடந்தது. கஜாலினி வெறும் காற்றை ஊதுமுன் அவளுக்குத் தொலைபேசி வந்தது, வெளியே போனாள். நான் வழக்கம்போல ஈர்க்கோடு காத்திருந்தேன். ஒருவரும் எதையும் ஊதவில்லை. தேனீக்கள் என் கையைப் பார்த்து நாக்கை நீட்டின.

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். நாக்கு உள்ளே போனது. ஈர்க்கை வைத்துவிட்டு வெறும் விரலை நீட்டினேன். மறுபடி வெளியே வந்தது.

விரலை மோந்து பார்த்தேன் சேர். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சிவமணியிடம் கையைக் காட்டிக் கேட்டேன். "இதென்ன புதுக் கேள்வி? வெள்ளிக்கிழமை எண்டால் நீங்கள் படலையைத் திறக்க முன்னமே சந்தனம் மணக்கும்" என்றாள். எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் உங்களைச் சொன்ன அதே வார்த்தை. அவள் அன்று அந்த அறையில் இருக்கவில்லை. அவளுக்கு அது தெரியாது.

எங்கள் வீடு பாதையோரம். பஸ்ஸின் சத்தம் விருந்தாளிகளுக்குத்தான் கேட்கிறது, எங்களுக்குக் கேட்பதில்லை. எந்த மூளையும் முதலில் படிக்கும் பாடம், மாறாமல் இருப்பதைக் கவனிக்காமல் விடுவதுதான். தேனீக்கும் அப்படித்தான். இதை நான் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். உங்கள் வாசனை என் மேல் இருப்பது அல்ல, அதனால் மணத்தது. என்னுடையது எனக்கு இல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை உங்களுக்கு மட்டும் உரிய நாள் என்று நினைத்தேனே! என் நாளும் அதுதானே!

இன்னும் கேவலமான பகுதி இருக்கிறது. திங்கட்கிழமை, அதாவது இன்று, கஜாலினியிடம் சொல்லத்தான் போனேன். வாயிலிருந்து வந்தது, "இனிக் கை மணத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாக்க வேணும்" என்பது மட்டும். அவள், "ஓம் சேர், பளீல் சேரின்ர விஷயத்திலதானே நல்லாப் படிச்சிட்டம்" என்றாள்.

நான் "ஓம்" என்று தலையாட்டினேன்.

விவேகானந்தன்


கட்டுகஸ்தோட்டை
28.07.2024

அன்புள்ள விவேகானந்தன் சேருக்கு,

உங்கள் வீட்டு மரணத்தைப் பற்றி அறிந்து வருந்துகிறேன். சிவமணி அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

மற்ற விஷயம் எனக்குத் தெரியும். தொடக்கத்திலிருந்தே தெரியும்.

வெள்ளிக்கிழமை நீங்கள் என் பக்கத்தில் வந்து இருந்ததும் சந்தனம் மணக்கும். கை கழுவினாலும் போகாது. ஈர்க்கைப் பிடித்த விரல் தேனீயின் முகத்துக்கு எவ்வளவு கிட்ட என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தேநீர் வேளையில் நீங்கள் என் அத்தரைச் சொன்னபோது, "உங்களுடையதும்தானே சேர்" என்ற வசனம் என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

ஏன் என்று என்னையே கேட்டேன். முதலில், அது மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். உங்கள் சாமியிடமிருந்து வாங்கி நெற்றியில் வைத்ததை நான் எப்படி ஒரு வாசனைக் குற்றமாக எடுத்துப் பேசுவேன்? ஆனால் வயது போனவனுக்குத் தன்னை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. அதில் பாதிதான் மரியாதை. மற்றப் பாதி பயம். கோயில் சந்தனத்தைப் பற்றிப் பளீல் ஒரு வார்த்தை சொன்னான் என்று அந்த அறையிலிருந்து வெளியே போனால், அது எப்படிப் போய்ச் சேரும் என்ற பயம். என் அத்தரைப் பற்றிச் சபையில் சொல்ல உங்களுக்கு அப்படி ஒரு பயம் வரவில்லை. நம் இருவருக்கும் இடையில் இப்படி ஒரு வித்தியாசம் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். அதுதான் கோப்பையை வைக்கச் செய்தது, அத்தர் அல்ல.

ஆய்வில் பிழையான புள்ளிகள் பதிவாகிக்கொண்டிருப்பதைத் தெரிந்துகொண்டே வாய் மூடியிருந்தவன் நானும்தான். அந்த வெட்கம் என்னுடையது. அதை உங்களிடம் தரவில்லை.

ஆனால் அந்த "ஓம்" உங்களுடையது. தபாலில் என்னிடம் கேட்கும் மன்னிப்பு எனக்குப் போதாது சேர். உரத்துச் சொன்னதை உரத்துத்தான் திருப்பி எடுக்க வேண்டும். அதே அறை, அதே தேநீர் வேளை, அதே ஆட்கள். அதைச் செய்யாமல் இனி எழுதாதீர்கள். உறையைப் பிரிக்க மாட்டேன்.

பளீல்


கண்டி
06.08.2024

அன்புள்ள பளீல் சேருக்கு,

செய்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை தேநீர் வந்ததும் எழுந்து நின்றேன். "மே மாதம் இந்த இடத்தில பளீல் சேரின்ர அத்தர்தான் வேலையைப் பழுதாக்கினது எண்டு சொன்னனான். அது பிழை. பழுதாக்கினது என்ர சந்தனம். அவர் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமையே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேணும். வந்தது. நான் அதைப் பாக்க விரும்பேல்லை. போன கிழமை எனக்கு வடிவாத் தெரிஞ்ச பிறகும் ஓம் எண்டு தலையாட்டினனான்" என்றேன்.

பிறகு நடந்ததற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. புதிதாக வந்த ஒரு பிள்ளை, "பளீல் சேர் எண்டால் ஆர்?" என்று பக்கத்தில் கேட்டது. அன்று மிகவும் சிரித்தவன், "ஐயோ சேர், அதை நாங்கள் அப்பவே மறந்திட்டம். பகிடிதானே" என்றான். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னான். அவர்கள் வடையை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அவர்களுக்கு நினைவே இல்லாத ஒரு சிரிப்புக்காக ஒருவர் பஸ்ஸில் எழும்பி நிற்கிறார் என்பதை எந்த உதாரணம் சொல்லி விளங்கவைப்பது? "பகிடி இல்லை. இருங்கோ, கேளுங்கோ" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் பெருநாளுக்கும் பூசவில்லை என்பதைச் சொன்னேன். உங்களைக் கேளாமல் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். அதன் பிறகு ஒருவரும் வடையைத் தொடவில்லை.

கஜாலினி கோப்பையோடு வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "நானும் ஒருக்கா யோசிக்காமல் அவருக்குப் போன் எடுத்தனான் சேர்" என்றாள். வெள்ளிக்கிழமைப் புள்ளிகள் அத்தனையையும் விலக்கப் போகிறாள். அறிக்கையைத் திருத்தி எழுதுகிறாள். உங்கள் கதிரையை உள்ளே எடுத்துவைத்துவிட்டாள். வந்து உங்களைக் கூப்பிடுவாள்.

நீங்களும் வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

விவேகானந்தன்


கட்டுகஸ்தோட்டை
13.08.2024

அன்புள்ள விவேகானந்தன் சேருக்கு,

கஜாலினி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். உங்கள் கடிதத்தை விட அவள் சொன்னது அதிகம். உங்கள் குரல் இடையில் நின்றுபோனது என்றும், ஒரு மாணவன் தண்ணீர் கொண்டுவந்து தந்தான் என்றும் சொன்னாள். அதை நீங்கள் எழுதவில்லை. எழுதாதது நல்லது.

பெருநாள் கதையை நீங்கள் சொன்னது முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பூசாததன் காரணத்தை என் மகள் கூடக் கஜாலினியின் வாயிலிருந்துதான் அறிந்தாள். கஜாலினி போனபின் மகள் அலுமாரியைத் திறந்து சீசாவை எடுத்து வந்து, என் கையைப் பிடித்து இழுத்து மணிக்கட்டில் பூசினாள். "இனி நான்தான் பூசி விடுவன். உங்கள நம்ப ஏலா" என்றாள். நான் சிறு பிள்ளைபோல கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். உடனே பழையபடி ஆகிவிடவில்லை. ஆனால் கையைக் கழுவவில்லை.

ஆய்வுகூடத்துக்கு நான் வர மாட்டேன். கஜாலினியிடமும் சொல்லிவிட்டேன். அது கோபம் இல்லை, நம்புங்கள். அந்த வாசலில் கால் வைத்தால் தேனீயைப் பார்க்குமுன் என் கையை மோந்து பார்ப்பேன். அங்கே இருக்கும் பிள்ளைகளும் என்னைக் கவனமாக நடத்துவார்கள். அதையும் என்னால் தாங்க முடியாது. நீங்கள் திருப்பி எடுத்துவிட்டீர்கள். ஆனால் கேட்ட காது கேட்டதுதான்.

வீட்டுக்கு வாருங்கள். சிவமணி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெரஹரா ஊர்வலக் கூட்டத்தில் டவுனில் அகப்படாமல் வெள்ளனவே புறப்படுங்கள். எந்த நாள் என்றாலும் சரி. வெள்ளிக்கிழமை என்றால் கோயிலுக்குப் போய்விட்டே வாருங்கள்.

ஒன்றே ஒன்று. வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டு என் வீட்டாரை அழவைக்க வேண்டாம். உள்ளே வந்து, எதிரில் கிடக்கும் கதிரையில் இருக்காமல், சோபாவில் என் பக்கத்தில் வந்து இருங்கள். நான் எழும்பப் பார்ப்பேன். கையைப் பிடித்து இருத்திவிடுங்கள்.

உங்கள்,
பளீல்